தே. ராஜவேல் வாங்கிய ஓட்டுகள்

சிதம்பரம்
மே 11

அன்புள்ள மாமாவுக்கு,

ராஜவேல் எழுதுவது. எந்த ராஜவேல் என்று உங்கள் ஆபீஸில் யாராவது கேட்டால், எம்.எல்.ஏ.வின் மச்சான், ரேகா அக்காவின் தம்பி, சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் என்று சொல்லுங்கள். இந்தத் தேர்தலுக்குப் பிறகு நம் தொகுதியில் என் பெயரைச் சொன்னால் எல்லோரும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

ஆறு முறை போன் போட்டேன். ஆறு முறையும் உங்கள் பி.ஏ. கொளஞ்சியப்பன்தான் எடுத்தார். "அண்ணன் மீட்டிங்ல இருக்காரு" என்றார். போன வெள்ளிக்கிழமை கடலூருக்கே வந்தேன். டோக்கன் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். எனக்கு முன்னால் சால்வையோடு நாற்பது பேர். ஒரு மணிக்கு நீங்கள் பின்பக்கமாகக் கிளம்பிவிட்டீர்கள் என்று தெரிந்ததும் நானும் பஸ் ஏறிவிட்டேன். எழுதிக் கொடுக்கும் எந்த மனுவுக்கும் பதினைந்து நாளில் பதில் வரும் என்று மேடைக்கு மேடை சொன்னவர் நீங்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் 409 ஓட்டில் ஜெயித்தீர்கள். வாழ்த்துச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன். மாட்டு டாக்டர் தே. ராஜவேல் தோற்றார். ஒரு வீட்டுக்கும் போகாமல், ஒரு நோட்டீசும் அடிக்காமல், யாரிடமும் ஓட்டுக் கேட்காமல் சுயேச்சையாக நின்ற இன்னொரு தே. ராஜவேல் 1,346 ஓட்டு வாங்கினான். அது நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது டாக்டருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை ஒருவர் பிளாஸ்டிக் கவரில் காகிதங்களோடு கடைக்கு வந்தார். "ஒவ்வொண்ணுலயும் நாலு காப்பி போடுங்க தம்பி" என்றார். நான் நிமிர்ந்து பார்க்காமல் வாங்கி மிஷினில் வைத்தேன். மூன்றாவது தாளைத் திருப்பினால் என் முகம். வேட்புமனுவோடு நான் கொடுத்த பிரமாணப் பத்திரம் அது. கண்ணாடி போட்டு, மீசையை டாக்டர் மாதிரியே நறுக்கிக்கொண்டு எடுத்த போட்டோ. அதை நானே நாலு காப்பி எடுத்தேன், மாமா. ஒவ்வொரு முறை வெளிச்சம் ஓடும்போதும் மிஷின் நின்றுவிடக் கூடாதா என்றிருந்தது. நிற்கவில்லை.

நிமிர்ந்தபோது டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. "கண்ணாடி எங்க தம்பி?" என்று கேட்டார். கடையில் போடுவதில்லை என்றேன். "பவர் எவ்வளவு?" என்றார். கொளஞ்சியப்பன் வாங்கி வந்த கண்ணாடியில் பவர் ஏது? அவர் காகிதங்களை அடுக்கிக் கவரில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்று. அம்மா என்னோடு பேசுவதில்லை. ஓட்டுப் போட்ட நாளிலிருந்தே இல்லை. ஊருக்குப் போனால் சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், வாய் மட்டும் திறப்பதில்லை. நான் நின்றது அம்மாவுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அக்காவை விட்டு என்னவென்று கேட்கச் சொல்லுங்கள். டாக்டரின் வக்கீல் கூப்பிட்டால் நான் என்ன சொல்வது என்றும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ராஜவேல்

*

கடலூர்
மே 18

சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம்
மனு எண்: 212
பெறுநர்: திரு. தே. ராஜவேல் அவர்கள், சிதம்பரம்

ஐயா,

தங்கள் 11ஆம் தேதியிட்ட மனு கிடைக்கப்பெற்றது. அதில் தாங்கள் குறிப்பிட்டுள்ள (1) குடும்பப் பிரச்சினை (2) ஜெராக்ஸ் கடை தொடர்பான கோரிக்கைகள் உரிய துறைகளின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டுள்ளன என்பதை அன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் நல்லாதரவை என்றும் நாடும்,

க. எழிலன்
சட்டமன்ற உறுப்பினர்
(அலுவலக முத்திரை)

*

சிதம்பரம்
மே 22

மாமாவுக்கு,

இதை வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். அக்கா கையில் கிடைத்து, அவள் உங்கள் கையில் கொடுக்கட்டும்.

என் மனுவுக்கு 212 என்று எண் கிடைத்ததில் சந்தோஷம். அம்மா என்னோடு பேசாத விஷயத்தைக் கால்நடைத் துறைக்கு அனுப்பினார்களா, வருவாய்த் துறைக்கு அனுப்பினார்களா என்பதை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. பெறுநர் பெயரைப் பார்த்ததும் சிரிப்புப் போய்விட்டது. திரு. தே. ராஜவேல். தேர்தல் முடிந்த பிறகும் உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான் தே. ராஜவேல்தான்.

இந்த எழுத்தின் கதை உங்களுக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் ஞாபகப்படுத்துகிறேன். எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது தேவசகாயம் என்கிற என் தகப்பன் வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். அம்மா அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைத்து எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தாள். பத்தாம் வகுப்புப் பாரத்தில் இனிஷியல் கேட்டார்கள். "எம்பேரப் போடுங்க" என்றாள் அம்மா. கையெழுத்தே போடத் தெரியாது, பெயரை மட்டும் போட வேண்டுமா என்று பள்ளிக்கூடத்துக் கிளார்க் சிரித்தார். ஒரு வாரம் தவணை கேட்டாள். கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்களால் என் பழைய சிலேட்டில் எழுதி எழுதிப் பழகி, ஏழாம் நாள் போய் முத்தம்மாள் என்று கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து நான் மு. ராஜவேல். அக்காவைப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அம்மா காலில் விழுந்தவர் நீங்கள்.

அதே நீங்கள்தான் பிப்ரவரியில் என் கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னீர்கள். "டாக்டரோட அப்பா பேரு தேவராஜன். ஒங்கப்பா பேரு தேவசகாயம். தே. ராஜவேல், தே. ராஜவேல். கடவுளாப் பாத்துக் குடுத்தது மச்சான்" என்றீர்கள். நின்றால் போதும், உன் பெண்டாட்டி பிரிசில்லாவுக்கு அங்கன்வாடி வேலை நிச்சயம் என்றீர்கள். பிரிசில்லாவிடமும் நீங்களே சொன்னீர்கள். அவள் அன்றைக்கே எந்த ஊர் கிடைக்கும் என்று கனவு காண ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் கேட்டு நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. வேலை ஆசையும் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் என்னைத் தள்ளின. உங்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன நேரம் பார்த்து அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து என் பிறப்புச் சான்றிதழை எடுத்தேன். தகப்பன் பெயர் இருக்கும் ஒரே காகிதம் அதுதான். அதை வைத்துத்தான் மு.வைத் தே. ஆக்கினோம். டாக்டருக்கு வாளிச் சின்னம் கிடைத்ததும் எனக்குக் கூடைச் சின்னம் கேட்டு வாங்கினார் கொளஞ்சியப்பன். கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

இப்போது டாக்டரின் வக்கீல் திருநாவுக்கரசு கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். முடிவு வந்து நாற்பத்தைந்து நாளுக்குள் டாக்டர் ஹைகோர்ட்டில் வழக்குப் போட வேண்டுமாம். ஜூன் 18 கடைசி நாள். ஒரே பெயரில் இரண்டு பேர் நிற்பது குற்றமில்லை. ஆனால் வேலை தருகிறேன் என்று ஆசை காட்டி ஒருவனை நிற்க வைத்தால் அந்தத் தேர்தலே செல்லாது என்கிறார். அதைச் சொல்லக்கூடிய வாய் என்னுடையது ஒன்றுதான். என்ன செய்யட்டும்?

ராஜவேல்

*

கடலூர்
மே 29

மச்சான்,

லெட்டர்பேடில் எழுதவில்லை, பார்த்தாயா? உன் அக்கா பிள்ளையின் நோட்டில் கிழித்தது. முதல் கடிதம் என் கண்ணிலேயே படவில்லை. கொளஞ்சியப்பன் பதில் போட்டுவிட்டான். அவனைத் திட்டிவிட்டேன். தப்பு அவனுடையது மட்டுமில்லை, எல்லாக் கடிதத்துக்கும் அப்படித்தான் பதில் போகிறது என்று எனக்குத் தெரியும்.

முதலில் உன்னைச் சமாதானப்படுத்தத்தான் உட்கார்ந்தேன். என்ன பொய் சொன்னாய் நீ? உன் பெயர் ராஜவேல்தான். உன் தகப்பன் பெயர் தேவசகாயம்தான். சர்ட்டிபிகேட் அசல். எந்தக் கோர்ட்டிலும் இதைச் சொல்லலாம் என்று என் வக்கீல் சொல்கிறார். வேலை விஷயம் நீயும் நானும் குடும்பத்துக்குள் பேசியது. மச்சான் பெண்டாட்டிக்கு ஒரு வேலை பார்த்துத் தருகிறேன் என்று சொல்லாத மாமன் உண்டா?

நான் எப்படி மேலே வந்தேன் என்று உனக்குத் தெரியும். பதினாறு வயசில் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் போஸ்டர் ஒட்டப் போனவன். பிறகு கிளைச் செயலாளர், ஒன்றியக் கவுன்சிலர். முதல் தடவை சட்டமன்றத்துக்கு நின்றபோது 112 ஓட்டில் தோற்றேன். ஏன் தோற்றேன் என்று உன்னிடம் சரியாகச் சொன்னதில்லை. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து இன்னொரு க. எழிலனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வாழைத்தார் வியாபாரி. அவன் தொள்ளாயிரம் ஓட்டு எடுத்தான். அடித்துவிடுவது என்றுதான் அவனைத் தேடிப் போனேன். அவன் என்னைப் பார்த்து, "சார், நீங்களும் எழிலனா?" என்று சிரித்து டீ வாங்கிக் கொடுத்தான். அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை, கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டிருக்கிறான். அந்த டீயைக் குடித்துவிட்டுப் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ஜனநாயகப் படுகொலை என்று ஒரு வருஷம் மேடையில் பேசினேன். கைதட்டல் ஜாஸ்தி.

அடுத்த முறை ஜெயித்தேன். ஐந்து வருஷம் சும்மா இருக்கவில்லை. இரண்டு பாலம், ஏழு வாய்க்கால் தூர்வாரியது, கல்லூரிக்கு பஸ். அதையெல்லாம் ஒரு மாட்டு டாக்டர் வந்து அழித்துவிடுவார் என்று ஜனவரியில் சர்வே சொன்னது. அவர் நல்ல மனுஷன், அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நேர் வழியிலேயே ஜெயித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு அந்த வாழைத்தார்காரன் ஞாபகம் வந்தான். அது எப்படி வலிக்கும் என்று தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியாது. வலிக்கும் என்று தெரிந்துதான் செய்தேன்.

ஜெயித்த மறுநாள் அத்தையைப் பார்க்கப் போனேன். கழுத்து நிறைய மாலை. மோர் கொடுத்தார்கள். "ஜெயிச்சிட்டீங்களாமே" என்றார்கள். "ஆமா அத்தை" என்றேன். ஒரு மாலையைக் கழற்றி அவர்கள் கழுத்தில் போடப் போனேன், கையில் வாங்கிக்கொண்டார்கள். கார் திரும்பும்போது பார்த்தேன், மாலையை மாடு தின்றுகொண்டிருந்தது.

ஜூன் 18 வரைக்கும் பொறுத்துக்கொள், மச்சான். அவ்வளவுதான் கேட்கிறேன். அதற்குப் பிறகு என்னைத் திட்டி நோட்டீஸ் அடித்துக்கொள், உன் கடையிலேயே ஜெராக்ஸ் போட்டுக்கொள். பதவி போனால் உன் அக்கா எப்படி வெளியே தலைகாட்டுவாள் என்று யோசி. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

மாமா

*

சிதம்பரம்
ஜூன் 5

மாமா,

நேற்று ஊருக்குப் போனேன். அம்மா பேசிவிட்டாள். அவள் பேசாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போய் நின்று, தப்புத்தான் அம்மா, பெட்டியிலிருந்து காகிதத்தை எடுத்தது நான்தான் என்றேன். நிமிராமலே, "அது தெரியும்" என்றாள். கோபம் இருந்தால் திட்டிவிடு, இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்காதே என்றேன்.

"ஒம்மேல கோவம்னு நெனச்சியா?" என்றாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள். டாக்டருக்குப் போட வேண்டும் என்றுதான் அன்று காலையிலேயே குளித்துவிட்டுப் போயிருக்கிறாள். இரண்டு வருஷம் முன்னால் பெருமழையில் மாடு சாய்ந்துவிட்டபோது, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து ஊசி போட்டு எழுப்பியவர் அவர். வாளிச் சின்னம், டாக்டர் போட்டோ, இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு மிஷினுக்கு முன்னால் நின்றிருக்கிறாள்.

அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"டாக்டரு மூஞ்சிக்குக் கீழ இன்னொரு மூஞ்சி இருந்துச்சி. ஒங்கப்பன் வந்து நிக்கிறான்னு நெனச்சேன். அதே மாதிரி கண்ணாடி. அப்பறந்தான் காதப் பாத்தேன். அது எம்புள்ள காது. பேருக்கு முன்னாடி மு இல்ல. என்னா எழுத்துன்னு எனக்குத் தெரியாதா? எங் கல்யாணப் பத்திரிகைல பாத்த எழுத்துதான அது."

என் கண்ணாடி முகம் தகப்பன் முகம் மாதிரி இருக்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர் முகமே எனக்கு ஞாபகமில்லை. டாக்டர் மாதிரி இருக்க வேண்டும் என்று போட்ட வேஷம், அம்மாவுக்கு வேறு யாராகவோ தெரிந்திருக்கிறது.

அப்போ டாக்டருக்குப் போட்டுவிட்டு வந்தாயா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"வாளில வெக்கப் போன வெரல எடுத்துக் கூடைல வெச்சிட்டேன். எவனும் போடலன்னா, ஒரு ஓட்டுகூட வுழலன்னு ஊரே சிரிக்குமே, புள்ளைக்கு அசிங்கமாப் போயிடுமேன்னு வெச்சேன். ஒண்ணாவது இருக்கட்டும்னுதான். நீ எதுக்கு நின்னன்னு எனக்கு அப்பத் தெரியாதுடா."

எண்ணி முடித்த அன்று பக்கத்து வீட்டு டிவியில் 409 என்றும் 1,346 என்றும் சொன்னபோதுதான் அவளுக்குப் புரிந்திருக்கிறது. அதற்கு மூன்றாம் நாள் மாடு கன்று போட முடியாமல் தவித்திருக்கிறது. யாரோ சொல்லி டாக்டர் வந்திருக்கிறார், தோற்ற மனுஷன், பழையபடி சைக்கிளில். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி சௌந்தரம்தான் வெந்நீர் வைத்துக் கொடுத்தாளாம். "எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வெளிய வருவேன்?" என்று என்னைக் கேட்டாள்.

மாமா, 1,346 பேரில் 1,345 பேர் ஏமாந்து அழுத்தியவர்கள். ஒருத்திதான் தெரிந்து அழுத்தினாள். எனக்காக அழுத்தினாள். அவள் என் மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை.

நான் வக்கீலிடம் போகப்போகிறேன். அதற்கு முன்னால் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இது. நீங்களும் என்னோடு வந்தால் என்ன? நாமிருவரும் சேர்ந்து சொன்னால் அம்மாவுக்கும் கொஞ்சம் பாரம் குறையும். 14ஆம் தேதி வரை காத்திருப்பேன். போன கடிதத்தை நான் கிழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் மாட்டேன். என் வாயால் சொல்லக்கூடியது போதும்.

ராஜவேல்

*

கடலூர்
ஜூன் 10

மச்சான்,

உன் கடிதத்தை உன் அக்கா பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள். நீ எழுதியது மாதிரியே. தாய்க்கும் மகளுக்கும் ஒரே வழக்கம் போலிருக்கிறது.

~~ஒரு யோசனை. கொளஞ்சியப்பன்தான் எல்லாம் செய்தான், எம்.எல்.ஏ.வுக்குத் தெரியாது என்று நீ சொல்லிவிட்டால்~~

மேலே அடித்திருப்பதைப் படித்திருந்தால் படிக்காததாக நினைத்துக்கொள். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. பாதியில் அத்தையின் விரல் ஞாபகம் வந்தது. என் கல்யாணத்தில் தாம்பூலம் கொடுத்த விரல். வாளியில் வைக்கப் போய் எடுத்த விரல். எனக்கு விழுந்த ஓட்டு என்று இத்தனை நாள் எண்பதாயிரத்தை நினைத்துப் பெருமைப்பட்டேன். என்னை ஜெயிக்க வைத்த ஓட்டு எது என்று இப்போதுதான் தெரிகிறது. இந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொள்ளவே கூசுகிறது, ஆனாலும் காலையில் போட்டுக்கொண்டு மூன்று கல்யாணத்துக்குப் போனேன்.

செய்யாதே என்று எழுத இரண்டு முறை காகிதம் எடுத்தேன். எழுதவில்லை. செய் என்று எழுதவும் என்னால் முடியவில்லை. உன்னோடு வந்து நிற்கும் தைரியம் எனக்கில்லை, மச்சான். ஊர் முழுக்க எத்தனையோ பேருக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன். எனக்கென்று வரும்போது இல்லை. 14ஆம் தேதி எனக்காகக் காத்திருக்காதே.

எழிலன்

*

சிதம்பரம்
ஜூன் 16

மாமா,

இருந்தும் 14ஆம் தேதி சாயங்காலம் வரை கடையைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். வெள்ளைக் கார் எது போனாலும் எட்டிப் பார்த்தேன்.

நேற்று வக்கீல் திருநாவுக்கரசு ஆபீஸுக்குப் போனேன். போகிற நாளைச் சொல்லியிருந்தேனே தவிர நான் கூப்பிடவில்லை, அம்மாவே ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். டாக்டரும் இருந்தார். அம்மா நேராக அவர் முன்னால் போய், "ஒங்களுக்குப் போட வந்து புள்ளைக்குப் போட்டுட்டேன் டாக்டரய்யா" என்றாள். அவர் "கன்னு நல்லா பால் குடிக்குதாம்மா?" என்று கேட்டார். குடிக்கிறது என்றாள். எனக்குத்தான் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஷட்டரைப் பாதி இறக்கியது, வேலை, சான்றிதழ், கண்ணாடி, கூடை. உங்கள் பெயரைச் சொன்னேன். என் ஆசையையும் சொன்னேன். பிரிசில்லாவிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன், அந்த வேலை இனி இல்லை என்று. அவள் அழுதாள். யாருக்காக அழுகிறாய் என்று நான் கேட்கவில்லை.

டைப் செய்து முடித்த பத்திரத்தைப் படித்துப் பார்த்தேன். மேலே, "தே. ராஜவேல், த/பெ. தேவசகாயம்" என்று இருந்தது. இது தப்பு, நான் மு. ராஜவேல் என்றேன். வக்கீல் முடியாது என்று சொல்லிவிட்டார். வேட்பாளர் எந்தப் பெயரில் நின்றாரோ அந்தப் பெயரில்தான் வாக்குமூலம் கொடுக்க வேண்டும், கையெழுத்தும் வேட்புமனுவில் போட்ட மாதிரியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிடுவார்கள் என்றார். உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் அந்த எழுத்தையே மறுபடியும் போட வேண்டும். அம்மா முன்னால் போட வேண்டும். நான்கு பக்கம், நான்கு கையெழுத்து.

பேனாவை எடுத்தேன், மறுபடி மேஜையில் வைத்தேன். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லுங்கள் என்று வக்கீலிடம் மெதுவாகச் சொன்னேன். அம்மாவுக்குக் காது கேட்டுவிட்டது. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"போடு. நான் பாக்காதப்ப போட்டியே, இப்ப நான் பாக்கப் போடு" என்றாள்.

போட்டேன், மாமா. தே. ராஜவேல். தே. ராஜவேல். தே. ராஜவேல். தே. ராஜவேல். நான்கையும் அவள் கண் எடுக்காமல் பார்த்தாள்.

அவளும் ஒரு காகிதம் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதைக் கோர்ட்டில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை அம்மா என்று வக்கீல் எவ்வளவோ சொன்னார். கடைசியில் என் பத்திரத்தில் சாட்சியாக மட்டும் கையெழுத்துப் போட வைத்தார். சிலேட்டில் பழகிய அதே கையெழுத்து. மு போட்டுவிட்டுச் சற்று நிறுத்தி, பிறகு மீதியை எழுதினாள். என் 'தே'வுக்கு நேர் கீழே அவள் 'மு' இருக்கிறது. நாலு காப்பி நானே என் கடையில் எடுத்துக் கொடுத்தேன்.

உங்களுக்குச் சம்மன் வரும். அதோடு வரும் வாக்குமூலத்தில் தே. ராஜவேல் என்று இருப்பதைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிடாதீர்கள். அது நான்தான். அக்காவும் நீங்களும் ஊருக்கு வரலாம் என்று சொல்லச் சொன்னாள் அம்மா. மாலை வேண்டாமாம்.

பஸ் ஏற்றிவிட்டபோது ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டு, பெட்டியிலிருந்து எடுத்த காகிதத்தைத் திருப்பி வைத்துவிடு என்றாள். அது எதற்கு இனிமேல், கிழித்துப் போட்டுவிடலாமே என்றேன். "கிழிக்காத. நீ செஞ்சதுக்குச் சாட்சியா அது இருக்கட்டும்" என்றாள்.

இப்படிக்கு,
மு. ராஜவேல்